முந்தானையில் ஒரு பிகோனியா

"அன்னம், இன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வாறேன். செடி வளக்கிறதா சொன்னீங்களே, பாக்கணும்" என்று ஜெமீலா டீச்சர் போனில் சொன்னதும் அன்னலட்சுமி போனும் கையுமாய் வராந்தாவுக்கு ஓடினாள்.

வராந்தாவில் வரிசையாக நின்ற பிகோனியாவும் ஜெரேனியமும் அத்தனையும் டீச்சர் வீட்டு வாசல் கேட்டடியில் களவெடுத்தவை.

அன்னலட்சுமி ஒன்றும் களவாணி இல்லை. மகள் துவாரகா கல்யாணமாகி மொனராகலைக்குப் போய்விட, கணவர் தர்மலிங்கம் கடையே கதியென்று கிடக்க, பேச ஆளில்லாமல் செடி வளர்க்கத் தொடங்கியவள். கேட்டு வாங்கிய செடி பிழைக்காது, களவாய் ஒடித்து நட்டால்தான் தழைக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் சாஸ்திரம். அதன்படி முதல் கொப்பை ஒடித்த அன்றே டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

"கருவேப்பிலை கேக்க வந்தேன் டீச்சர்" என்று உளறினாள்.

டீச்சர் கருவேப்பிலையும் கொடுத்து, உட்காரவைத்துப் பிளேன்டீயும் கொடுத்தார். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் பிளேன்டீ, வயிறு வலிக்கச் சிரிப்பு, திரும்பும்போது முந்தானைக்குள் ஒரு கொப்பு. இப்படியொரு சிநேகிதியைக் கொடுத்ததற்காக அவள் கும்பிடாத சாமியில்லை. விஷயம் தெரிந்தால் அந்தக் கேட் இனித் திறக்குமா?

பூச்சாடிகளைத் தூக்கிக் குளியலறைக்குள் அடைத்தாள். வருகிறவர் கைகால் கழுவ அங்கேதானே போவார் என்று பிறகுதான் உறைத்தது. உடனே ஒரு ஆட்டோவைப் பிடித்து எல்லாவற்றையும் கணவரின் கடைக்கு அனுப்பினாள்.

"என்னாடி இது?" என்று போனில் கத்தினார் தர்மலிங்கம்.

"வெயில்ல வாடுதுங்க. அங்கயே நெழல்ல இருக்கட்டும்."

வராந்தா வெறிச்சென்று கிடந்தது. தோட்டம் பார்க்க வருகிறவருக்கு எதைக் காட்டுவது? டிவி மேலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்து வந்து வாசலில் வைத்து, அவசரத்தில் அதற்குத் தண்ணீரும் ஊற்றினாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. டீச்சர் இறங்கினார். பின்னால் அவர் கணவர் ஜௌபர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு பூச்சாடியை அணைத்துக்கொண்டு இறங்கினார்.

அது களவெடுத்த முதல் பிகோனியா.

"பிஸ்கட் வாங்க உங்க கடைக்குப் போனோம்" என்றார் டீச்சர். "உங்க வீட்டுக்காரர் விடல்ல. 'எல்லாம் எம் பொஞ்சாதி கையால வளத்தது டீச்சர், ஒண்ணு கொண்டு போங்க'ன்னு தூக்கிக் குடுத்துட்டார்."

சொல்லிவிட்டு, தண்ணீர் சொட்டும் பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபம்தான் என்று அன்னலட்சுமிக்கு நிச்சயமாகிவிட்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாம் ஒங்க வீட்டுச் செடிதான் டீச்சர். வாராவாரம் நான்தான் ஒடிச்சேன். மன்னிச்சிருங்க. செடி வேணும்னா எல்லாத்தையும் எடுத்துக்கங்க. சனிக்கிழம மட்டும் வராதன்னு சொல்லிராதீங்க. ஒங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சப்பறந்தான் எனக்குக் கெழமைன்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது."

டீச்சர் அவள் கையைப் பற்றிக்கொண்டார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

ஜௌபர்தான் பூச்சாடியை முனகிக்கொண்டே கீழே வைத்தார்.

"தங்கச்சி, இனியாச்சும் நேரா எங்க பின்வளவுத் தோட்டத்துக்கே வந்து களவெடுங்க. சனிக்கிழமையானா போதும், நீங்க வர்ற நேரம் பாத்து, 'அன்னத்துக்குக் கையெட்டுற மாதிரி வைங்க'ன்னு இவ சொல்லச் சொல்ல, அவ்வளவு சாடியையும் கேட்டடிக்குத் தூக்கித் தூக்கியே என் இடுப்பு போச்சு!"