கன்னையா கற்ற குந்தாவ்

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கன்னையா ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது மனைவியிடம் "முடியாது" என்று சொல்லிவிடுவது.

சாதாரண முடிவல்ல. சரக்கு ஆபீசில் அவர் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவர். ஒரு கையெழுத்தைப் போடாமல் வைத்திருந்தால் கிள்ளானுக்குப் போகிற வண்டி அப்படியே நிற்கும். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், சொந்த வீட்டுக்குள் அவர் பேச்சு "சரி", "ஆகட்டும்", "நீ சொன்னா சரிதான்" என்பதோடு முடிந்துவிடும். புஷ்பவல்லி கத்துகிறவள் அல்ல. ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். போன மாசியில் கன்னையாவுக்கு மலேரியாக் காய்ச்சல். டாக்டரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் புஷ்பவல்லி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ஆள் பிழைத்து எழுந்தால் வருகிற தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி. யார் எடுப்பது? பிழைத்தவர்தான். அவரைக் கேட்டு வேண்டவில்லை. கேட்டால் பதில் சொல்கிற நிலையில் அவரும் இல்லை.

பிழைத்தவருக்கோ காவடி என்றாலே ஆகாது. ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவர், கன்னத்தில் வேல் குத்திக்கொள்வதா? சட்டை இல்லாமல், தொந்தி தெரிய, சரக்கு ஆபீஸ் மொத்தமும் வேடிக்கை பார்க்க மலையேறுவதா? அதற்கு முன் மீன் குழம்பு இல்லாமல் விரதம் வேறு. முடியாது. ஆனால் அந்த முடியாதைச் சொல்வதற்கு நெஞ்சில் பலம் வேண்டுமே.

அந்தப் பலம் எங்கே கிடைக்கும் என்பது லோ சின்சே கடையில் தெரிந்தது. எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற சீன வைத்தியர் அவர். கடைக்குப் பின்னால் முற்றத்தில் ஆட்களுக்குக் குந்தாவ் கற்றுக்கொடுப்பார். உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்துச் சீனர்கள் பழகுகிற வித்தை. ஒரு நாள், வண்டியில் மூட்டை ஏற்றுகிற முரட்டு ஆள் ஒருவன் ஒல்லியான சின்சேயை இரண்டு கையாலும் தள்ளினான். சின்சே அசையவில்லை. தேநீர்க் கிண்ணம்கூடத் தளும்பவில்லை. வேலி ஓரம் நின்று பார்த்த கன்னையாவுக்குக் கண் கலங்கியது. எதிரே புஷ்பவல்லி பார்க்கிறாள், தாம் அசையாமல் நிற்கிறோம். நினைக்கவே இனித்தது.

சேர்த்துக்கொள்வீர்களா என்று கடைத்தெருவில் எல்லாரும் பேசுகிற பாசார் மலாயில் கேட்டார். நாளைக்கே வா என்றார் சின்சே. அது எப்படி முடியும்? ஆடியில் யாராவது நல்ல காரியம் தொடங்குவார்களா? ஆவணி பிறக்கட்டும், பஞ்சாங்கம் பார்த்து வளர்பிறையில் வருகிறேன் என்றார் கன்னையா. சின்சே தோளைக் குலுக்கிவிட்டு, தம் பள்ளியின் சட்டத்தைச் சொன்னார். இங்கே வயசுக்கு மதிப்பில்லை. குருவுக்கு முதலில் தேநீர் கொடுத்தவர் மூத்தவர், பிறகு கொடுத்தவர் இளையவர். மூத்தவர் சொல்லை இளையவர் தட்டக் கூடாது. கன்னையா தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் அவர் மண்டியிட்டுச் சின்சேக்குத் தேநீர் கொடுத்துச் சீடரானார். காலையில் காற்று வாங்கப் போவதாக வீட்டில் சொன்னார். புஷ்பவல்லி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

குந்தாவ் என்றால் பாய்வது, உதைப்பது என்று நினைத்துப் போனவருக்கு, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார் சின்சே. குதிரை கிடையாது. தொடை நடுங்கியது. வியர்வை காதுக்குள் இறங்கியது. மெதுவாக மூச்சை இழு, வயிற்றில் வை, மெதுவாக விடு. பிறகு தோளில் மூங்கில் கழி, இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி. அதோடு பக்கத்து மேட்டில் ஏறி இறங்க வேண்டும்.

கொஞ்ச நாளில் நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் காலைகள் கன்னையாவுக்குக் கனவுபோல ஆகிவிட்டன. ஆற்றுப் பக்கமிருந்து பனி வரும். செங்கல் சூளைப் புகையும் பனியும் கலந்து, தண்டவாளம், சிக்னல் கம்பம் எல்லாம் ஒவ்வொன்றாக மறையும். எங்கோ ஒரு வண்டி தண்ணீருக்கடியில் ஊதுகிற மாதிரி ஊதும். உடம்பே இல்லாமல் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். அந்த வெள்ளைக்குள் புஷ்பவல்லி மெல்லத் தோன்றுவாள். இவர் "முடியாது" என்பார். அவள் தலை குனிவாள். மல்லிகை வாசம்கூட வரும். சின்சே பிரம்பால் முழங்காலைத் தட்டுகிற வரைக்கும் அவர் அங்கேயே இருப்பார்.

தொந்தி கரைந்தது. மூச்சுத் திணறல் போயிற்று. வீட்டிலும் சில அதிசயங்கள் நடந்தன. இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துகிற ஆட்டுக்கல் ஒரு நாள் இங்கே இருந்தது, மறுநாள் அங்கே இருந்தது. தரை சரிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மார்கழி முடிவில் ஒரு நாள் விடியற்காலையில் புஷ்பவல்லி புதுக் காவடியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள்.

"தோளுக்குச் சரியா இருக்கான்னு பாத்துக்கலாங்க."

கன்னையா கால்களை அகட்டி நின்றார். மூச்சை இழுத்து வயிற்றில் வைத்தார். வெளியே ஒரு வண்டி ஊதிக்கொண்டு போனது. "முடியாது" என்றார்.

சொல்லியேவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. புஷ்பவல்லி கனவில் வந்ததுபோலவே தலை குனிந்தாள்.

"சரிங்க. எதுக்கும் சின்சேகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

கன்னையா வயிற்றில் வைத்திருந்த மூச்சு எங்கே போனது என்று தெரியவில்லை. காவடியைத் தூக்கி ஒரு தோளில் அலட்சியமாகப் போட்டுக்கொண்டு அவள் முன்னே நடந்தாள்.

முற்றத்தில் அவளைக் கண்டதும் அந்த மூட்டை ஏற்றுகிற முரட்டு ஆள் துள்ளி எழுந்து, உள்ளங்கையில் முஷ்டியை வைத்து வணங்கினான். மற்றவர்களும் வணங்கினார்கள். சின்சே சிரித்தார். அவள் ஆடியிலேயே தேநீர் கொடுத்துச் சேர்ந்துவிட்டாள் என்றும், கன்னையா ஆபீஸ் போனபின் தினமும் வந்து பழகுகிறாள் என்றும், கன்னையாவை வாளி சுமக்க வைக்கச் சொன்னவளும் அவள்தான் என்றும் சாவகாசமாகச் சொன்னார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கன்னையா.

"தூக்கத்துல எல்லாத்தையும் சொன்னீங்களே."

"ஆடியிலயா சேர்ந்தே? பஞ்சாங்கம் பாக்கலியா?"

"பாத்தேன். ஆவணி வரைக்கும் நீங்க வரமாட்டீங்கன்னு போட்டிருந்துச்சு."

புஷ்பவல்லி காவடியை இறக்கி வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தது.

"கன்னத்துல வேலெல்லாம் வேணாங்க, பால்குடம் கட்டின காவடி போதும். காய்ச்சல்ல கிடந்தப்ப என்னைப் பாத்து நீ யாருன்னு கேட்டீங்க. நான் போய் முருகன் முன்னாடி நின்னேன். அன்னிக்கு அவன் முடியாதுன்னு சொல்லலீங்க."

அவள் அன்று எப்படி நின்றிருப்பாள் என்பதை கன்னையா இப்போதுதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். குனிந்து காவடிக்குத் தோளைக் கொடுத்தார். அது லேசாகத்தான் இருந்தது. பனி விலகிக்கொண்டிருந்தது. மூச்சு அதுபாட்டுக்கு வந்துபோனது. இதைக் கனவாகவே வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

புருஷன் பேரை எந்தப் பெண்சாதியும் வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் பள்ளியில் மூத்தவர் இளையவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம்.

"கன்னையா," என்றாள் புஷ்பவல்லி, "முதுகை நிமித்து."