மீசைக்கு வந்த உத்தரவு

பூசாரி பரசுராமனுக்கு மீசை என்றால் உயிர். அடி அண்ணாமலையில் அவ்வளவு பெரிய மீசை வேறு எவனுக்கும் கிடையாது. இருந்திருந்தால் அவரே போய்ச் சண்டை போட்டிருப்பார். வெள்ளிக்கிழமை அம்மன் அவர்மேல் வந்து குறி சொல்லும்போது பாதிப் பேர் அம்மனுக்குப் பயந்தார்கள், மீதிப் பேர் மீசைக்கு.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து. மகள் நந்தினிக்கு நர்சிங் சீட்டு கிடைத்தால் மொட்டை போட்டு மீசையையும் எடுப்பதாகக் குலதெய்வமான அதே அம்மனுக்கு வேண்டுதல். வேண்டிக்கொண்டது மனைவி எல்லம்மாள். தலையும் மீசையும் மட்டும் பரசுராமனுடையது. சீட்டு கிடைத்து மகள் காலேஜுக்கும் போய்விட்டாள். மனுஷன் இன்னும் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுச் சாக்கு, யூடியூப். கிரிவலம் வருகிற சென்னைக்காரர்கள், "வாராவாரம் வர முடியலை, லைவ்ல குறி சொல்லுங்க பூசாரி" என்று கேட்கப்போய் சேனல் ஆரம்பித்தாயிற்று. செல்போனைப் பிடிப்பதும், ஜனங்கள் அனுப்புகிற கேள்விகளைப் படிப்பதும் எல்லம்மாள். பரசுராமனுக்கு லைவை நிறுத்தக்கூடத் தெரியாது.

"மீசை இல்லாத மூஞ்சியை எவன்மே பாப்பான்? சேனலே படுத்துடும்."

"தெய்வக் குத்தம் ஆயிடும்ங்க."

"ஆத்தா என்மேலதான வர்றா? அவளே ஒண்ணும் கேக்கலை. நீ இன்னா நடுவுல?"

எல்லம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் அது நல்லதுக்கில்லை என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனுஷனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமோ!

அந்த வெள்ளிக்கிழமை உடுக்கை அடித்ததும் ஆத்தா வந்தாள். எல்லம்மாள் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள்.

"அடுத்து ஒரு பொம்பளை கேக்கறாங்க தாயே. வேண்டுதல் பலிச்சும் அவங்க வூட்டுக்காரரு முடி குடுக்காம இழுத்தடிக்கிறாராம்."

"ஏய்ய்ய்! தெய்வத்தையே ஏமாத்தறானா? பௌர்ணமிக்குள்ள மொட்டை போடணும்! மீசையும் சேத்து! ஒண்ணு விடக் கூடாது!"

"உத்தரவு தாயே. கேட்டது நான்தான்."

ஆத்தா சட்டென்று மலையேறிவிட்டாள். பரசுராமன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அடிப்பாவி! யாரோன்னு நெனைச்சு இல்ல சொன்னேன்!"

"சொன்னது யாரு? நீங்களா, ஆத்தாளா?"

பரசுராமன் கத்த வாயெடுத்தார்.

"மெதுவா பேசுங்க. லைவ் இன்னும் ஓடுது."

அவசர அவசரமாக உடுக்கையை எடுத்தார். "ஏய்ய்ய்! தலைமுடி மட்டும் போதும்! மீசையை ஆத்தா மன்னிச்சுட்டா!"

"தாயே, செங்கத்துலேருந்து பாலாஜின்னு ஒருத்தர் கேக்கறாரு. போன வாரம் அவரு பொண்ணுக்குப் பாத்த மாப்பிள்ளை வேணாம்னு சொன்னீங்களாம். பேச்சு மாறும்னா, அதையும் மாத்திக்கலாமான்னு கேக்கறாரு."

உடுக்கை கீழே இறங்கியது. பௌர்ணமிக்கு முன்பே மீசையும் இறங்கியது. முடி எடுத்தவர் சந்தனம் பூசிவிட, கண்ணாடியைப் பார்த்த பரசுராமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டைத் தலையோடு லைவில் உட்கார்ந்தார். எல்லம்மாள் முதல் கேள்வியைப் படித்தாள்.

"பழைய பூசாரி எங்கன்னு கேக்கறாங்க."

"நான்தான்னு சொல்லுமே!"

"சொன்னேன், நம்ப மாட்டேங்கறாங்க. அதான், பெரியவரு லீவு, இவரு இப்பதான் தொழில் பழகறாருன்னு போட்டுட்டேன்."