நீலப் பைப்பும் ஏசுஅடிமையின் ரோஷமும்

ஏசுஅடிமை அன்றைக்குக் காலையில் பழங்கஞ்சிச் சட்டியை அப்படியே தள்ளி வைத்துவிட்டு ஒரு சபதம் போட்டான். சும்மா இல்லை, நெஞ்சில் அடித்துச் சபதம்.

"ஏட்டி ஷீஜா, நல்லா கேட்டுக்கோ. எனக்க வண்டிக்குள்ள கிடக்குக ஒரு பைப்பையும் நீ தொடப்பிடாது. ஒரு பைப்பைப் பற்றியும் வாய் திறக்கப்பிடாது. திறந்தேன்னு வச்சுக்கோ, நான் திரும்ப சார்ஜாவுக்கே போயிருவேன். விசா இன்னும் உயிரோடதான் இருக்கு."

ஷீஜா கஞ்சிச் சட்டியைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தினாள். "நான் என்ன சொல்லிப்போட்டேன்? நீலப் பைப்பு எதுக்கு, செவப்புப் பைப்பு எதுக்குன்னுதானே கேட்டேன்?"

"அதத்தான் கேக்கப்பிடாதுங்கேன்!"

ஊரில் எல்லாருக்கும்தான் கோபம் வருகிறது. கரண்டு போனால் வரும், பஸ் நிற்காமல் போனால் வரும். ஏசுஅடிமைக்கு அப்படிப்பட்ட காரணமெல்லாம் வேண்டாம். சரியான கேள்வி ஒன்றைக் கேட்டால் போதும், வந்துவிடும். தப்பான கேள்வி கேட்டுப்பாருங்கள், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பதில் சொல்வான்.

நெய்யூரிலிருந்து உள்ளே திரும்புகிற ரோட்டில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு வீடு நிற்கிறதே, அதுதான் இவன் வீடு. வெள்ளை அடிப்போம் என்று ஷீஜா சொன்ன ஒரே பாவத்துக்காக அவன் கிளிப்பச்சை அடித்தது. அவள் கிழக்கே என்றால் இவன் மேற்கே. அவள் புளிக்கறி என்றால் இவனுக்கு அவியல் வேண்டும். அதுதான் ஆம்பிளைத்தனம் என்று இவனுக்கு எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு சாத்து சாத்தலாம். பெயரென்னவோ ஏசுஅடிமை. ஆனால் பொண்டாட்டிக்கு அடிமை இல்லை என்று காட்டத்தான் மனுஷன் தினமும் காலையில் எழும்புவதே.

சார்ஜாவில் பதினாலு வருஷம் கண்ணாடி கழுவுகிற வண்டியில் வேலை பார்த்தவன். ஊருக்கு வந்தவன் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து நிற்கிற லாட்ஜுகளைப் பார்த்தான். கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் அப்பி வைத்திருந்தது. துணியால் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். சூரியன் உதிப்பதைப் பார்க்க அறை எடுத்தவன் உப்பைப் பார்த்துவிட்டுப் போவான். இதற்குச் சுடுதண்ணீர்தான் மருந்து என்று ஏசுஅடிமைக்குத் தெரியும். பழைய ஓம்னி வண்டி ஒன்றை வாங்கினான். பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தான், மோட்டார் வைத்தான், கேஸ் ஹீட்டர் வைத்தான். வண்டியிலிருந்து பைப்பு போய், நீளக் கம்பின் நுனியிலிருக்கிற பிரஷ்ஷில் சூடாகத் தண்ணீர் கொட்டவேண்டும். நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

பகவதியப்பன் என்று ஒரு லாட்ஜ் மேனேஜர் ஒத்துக்கொண்டும் விட்டார். "சனிக்கிழமை வாரும் ஓய். முன்பக்கத்துக் கண்ணாடியைக் கழுவிக் காட்டும். சரியா வந்தா மாசாமாசம் வேலை உமக்குத்தான். வரல்லன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்குவோம்."

சரியாக வராவிட்டால் என்ன ஆகும் என்பது ஏசுஅடிமைக்குத் தெரியும். சேர்த்து வைத்ததெல்லாம் வண்டிக்குள்ளே போய்விட்டது. அப்புறம் சார்ஜாவேதான். எட்டுப் பேர் படுக்கிற அறை, மேல்கட்டில், மூக்குக்கு நேரே ஃபேன். அங்கே போக அவனுக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை. ஆனாலும் வாயைத் திறந்தால் சார்ஜா சார்ஜா என்றுதான் மிரட்டுவான். வீம்பு!

இனி அந்தப் பைப்பு விஷயம். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். அங்கே வெயில் காலத்தில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். நீலக் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அதனால் நம்மாட்கள் ஹீட்டரை அணைத்துப் போடுவார்கள். அறைக்குள்ளே ஏசிக் குளிரில் இருக்கிற ஹீட்டருக்குள் கிடக்கும் தண்ணீர் ஆறிப்போய் நல்ல குளிர்ச்சியாக இருக்கும். சிவப்புக் குழாயைத் திறந்து குளிப்பார்கள். சிவப்பு என்றால் குளிர்ச்சி, நீலம் என்றால் சூடு. பதினாலு வருஷம் இப்படிக் குளித்தவன் மூளையில் அது ஆணியடித்து நின்றுவிட்டது.

நாகர்கோவிலில் பைப்பு வாங்கப் போனபோது கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். "நீலம் பச்சவெள்ளத்துக்கு. கனம் குறைவு, சூடு தாங்காது. செவப்புதான் சூடுவெள்ளத்துக்கு."

"அண்ணாச்சி, பைப்பைப் பற்றி எனக்கிட்டயா சொல்லுகிய? நான் சார்ஜாவாக்கும்!" என்று சொல்லிவிட்டு இவன் வந்துவிட்டான். வந்து, தொட்டியிலிருந்து ஹீட்டர் வரைக்கும் சிவப்பை மாட்டி, மிச்ச நீளத்தைச் சுருளாக வண்டிக்குள்ளேயே போட்டான். ஹீட்டரிலிருந்து பிரஷ் வரைக்கும் நீலத்தை மாட்டினான். மாட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

சபதம் போட்ட அன்றைக்குச் சாயங்காலமே வெள்ளோட்டம். சொந்த வீட்டு ஜன்னலில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் ராஜையன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரன், ரப்பர் ஷீட் ஏற்றிக் குலசேகரம் ரோட்டில் டெம்போ ஓட்டுகிறவன். ஹீட்டர் பற்றியது. மோட்டார் ஓடியது. நீலப் பைப்பு மெல்ல மெல்ல இளகி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ராஜையன் வயிறு மாதிரி உப்பி, டப்பென்று ஹீட்டர் மூக்கிலிருந்து கழன்று பறந்தது. சுடுதண்ணீர் மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது.

"லேய் அடிமை! எனக்க தோலு உரிஞ்சு போச்சுலே!"

"வேலை நடக்குகது தெரியல்லியா? தள்ளி நிக்கப்பிடாதா?"

"வேலையாலே இது? கொலையில்லா இது!"

"கிளாம்பு சரியில்ல. கிளாம்பு விக்குகவன் ஏமாத்திப்போட்டான்."

"செவப்பா இருக்கே அந்தப் பைப்பு, அதக் கொஞ்சம்..."

"நீயும் தொடங்கிட்டியா? எனக்க பொண்டாட்டி சொல்லி அனுப்பினாளா?"

ராஜையன் சட்டையைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். ஷீஜா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாள் பெரிய கிளாம்பு வந்தது. அதுவும் கழன்றது. இரட்டைக் கிளாம்பு போட்டான், அதுவும் போயிற்று. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். பைப்பு டியூபோடு சேர்ந்து பறந்தது. கிளாம்புக்காரனைத் திட்டினான், பைப்புக் கம்பெனியைத் திட்டினான், ஹீட்டரைப் பார்த்து, "உனக்குச் சூடு கூடிப்போச்சுலே" என்று அதையும் திட்டினான். வாளியை ஒரு உதை உதைத்தான். வாளி நெளிந்தது, கால் வீங்கியது. வாளியை யார் அங்கே வைத்தது என்று அதற்கு ஒரு சத்தம். அவனேதான் வைத்தது. திட்டு வாங்காதது நீலப் பைப்பு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை. விடிந்தால் கன்னியாகுமரி போகவேண்டும். கடைசித் தடவையாக மோட்டாரைப் போட்டான். இந்தத் தடவை பைப்பு நேரே கொடிப்பக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று ஷீஜா துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை எல்லாம் கொடியோடு சேற்றில் விழுந்தது.

ஏசுஅடிமை ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். "போறேன்! நான் சார்ஜாவுக்கே போறேன்! இந்த ஊரில மனுஷன் இருப்பானா? வெள்ளம்கூடச் சொன்ன பேச்சைக் கேக்கல்ல!"

அவள் ஓடிவந்து கையைப் பிடிப்பாள், அழுவாள், போகாதிய என்று கெஞ்சுவாள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். ஷீஜா வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. கையில் பரணிலிருந்து இறக்கிய பெரிய பெட்டி.

"போங்க" என்றாள்.

"என்னது?"

"போங்கன்னேன். நாளைக்கே போங்க. மாங்காய் ஊறுகாய் இருக்கு, குப்பியில அடைச்சுத் தாரேன்."

"ஏட்டி, நீயா என்னைப் போகச் சொல்லுகது?"

"பின்ன? நீங்க அங்க இருந்தப்போ இந்த வீட்டில ஒரு சத்தம் உண்டுமா? நான் பாட்டுக்குச் சமைச்சேன், தின்னேன், உறங்கினேன். வந்தப்புறம் என்ன கண்டேன்? வாளி நெளிஞ்சு போச்சு, துணி சேறாப் போச்சு. போயிட்டு நல்லபடியா ஒரு பதினாலு வருசம் கழிச்சு வாங்க." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அது கோபம் என்று ஏசுஅடிமை நினைத்தான். இவனுக்கு எது எது என்று என்றைக்குத்தான் தெரிந்தது?

அவனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "இது எனக்க வீடு! நான் மணல்ல வெந்து கட்டின வீடு! நீ போகச் சொன்னா நான் போகணுமா? போகமாட்டேன்டி! சாகுகது வரைக்கும் இங்கதான் கிடப்பேன். என்ன செய்வே?"

"இருந்துக்கிட்டு என்ன செய்யப்போறிய?"

"கண்ணாடி கழுவுவேன்!"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்த நீலப் பைப்பை மட்டும் மாத்திராதிய. நீங்க மாட்டினதுதான் சரி. சூடுவெள்ளத்துக்கு நீலந்தான். செவப்பைக் கொண்டு அங்க மாட்டினா எல்லாம் கெட்டுப்போவும்."

"பைப்பைப் பற்றி வாய் திறக்கப்பிடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னிய. அதுக்காக நல்லதைச் சொல்லாம இருக்க முடியுமா? செவப்பைத் தொட்டுராதிய, கேட்டியளா. உங்க கால்ல விழுகேன்."

ஏசுஅடிமை மூச்சு வாங்கினான். போட்ட சபதப்படி பார்த்தால், அவள் வாயைத் திறந்துவிட்டாள், அவன் சார்ஜாவுக்குப் போகவேண்டும். ஆனால் அவளே போகச் சொல்லிவிட்டதால் போகவும் முடியாது. இரண்டு பக்கமும் மதில். அவ்வளவு கோபத்தையும் வேறு எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? ஸ்பானரைப் பொறுக்கினான்.

"மாத்துவேன்டி! இப்பவே மாத்துவேன்! நீ சொல்லி நான் கேக்குகதா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று ஷீஜா தலையில் கைவைத்தாள்.

அந்த "ஐயோ" அவனுக்கு இன்னும் பலம் தந்தது. நீலத்தைப் பிடுங்கித் தொட்டிப் பக்கம் மாட்டினான். சிவப்பைக் கொண்டு ஹீட்டர் மூக்கில் செருகி ஒரே ஒரு கிளாம்பு போட்டான். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் குனிந்துகொண்டான். பைப்பு கழலவில்லை. உப்பவில்லை. பிரஷ்ஷிலிருந்து ஆவி பறக்கச் சுடுதண்ணீர் கொட்டியது. ஜன்னலில் இருந்த அழுக்கெல்லாம் வழிந்து ஓடி, கண்ணாடியில் அவன் மூஞ்சியே அவனுக்குத் தெரிந்தது.

"பாத்தியா! பாத்தியாட்டி! உனக்க பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்க சார்ஜாவில இருந்தவிய" என்று சொல்லிவிட்டு ஷீஜா சேற்றுத்துணியை அள்ளிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள். பெட்டி அவள் வைத்த இடத்திலேயே வெறுமனே கிடந்தது.

சனிக்கிழமை லாட்ஜில் சுடுதண்ணீர் பட்ட இடமெல்லாம் உப்பு கரைந்து ஓடியது. பகவதியப்பன் மூன்றாம் மாடி அறைக்குள்ளே நின்றுகொண்டு ஜன்னல் வழியே கத்தினார். "ஓய்! கடல் தெரியுதுவோய்! கடல் நீல நிறத்தில இருக்குன்னு இப்பதான்வோய் பாக்கேன்!" மாசாமாசம் வேலை இவனுக்குத்தான் என்று முடிவாயிற்று. பக்கத்து லாட்ஜுக்காரர்கூட இறங்கிவந்து விசாரித்துவிட்டுப் போனார்.

குளச்சல் வழியாகச் சுற்றி வந்து நெய்மீன் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வீட்டுக்குள் போனானா? இல்லை. நேரே மதிலடிக்குப் போய் ராஜையனைக் கூப்பிட்டான்.

"ராஜையா, வாழ்க்கையில ஒரு காரியம் படிச்சுக்கோ. பொண்டாட்டி ஒண்ணு சொன்னா அதுக்கு நேர் எதிரா செய்யணும். நான் அப்படித்தான் செஞ்சேன். இன்னைக்கு மாசாமாசம் வேலை."

ராஜையன் இவனை மேலும் கீழும் பார்த்தான். கையில் சுடுதண்ணீர் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டான். "கொள்ளாம்லே, நல்ல காரியந்தான். நானும் அப்படித்தான் செய்யப்போறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து, நெய்மீன் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏசுஅடிமை வண்டிக்குப் பின்னால் குத்தவைத்துச் சிவப்புப் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு பாட்டுகூட வந்தது. மதிலடியில் பேச்சுக்குரல் கேட்டது. ராஜையன் பெண்சாதி பிரிஜா. அவள் எதிரே ஷீஜா. வண்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

"எக்கா, நீலப் பைப்பை மாத்த வச்சிட்டியளே! அதுதான் கோளாறுன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"கடைக்கார அண்ணாச்சி சொல்லும்போ நானும் கூடத்தானே நின்னேன். நேரே சொன்னா இவிய கேக்கவா செய்வாவ?"

பைப்பு ஏசுஅடிமை கையில் அப்படியே நின்றது. எழுந்து போய் ஒரு சத்தம் போடலாமா என்று பார்த்தான். பிறகு சுருட்டின பைப்பை அவிழ்த்துப்போட்டு முதலிலிருந்து சுருட்டத் தொடங்கினான்.

பிரிஜா மூக்கை உறிஞ்சினாள். "எங்க ஆளு நேத்து சாயங்காலத்தில இருந்து டெம்போவை வித்துட்டு சவூதிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குகாருக்கா. நான் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வீம்பு கூடிப்போச்சு. அழுதும் பாத்தாச்சு, பட்டினி கிடந்தும் பாத்தாச்சு. எனக்கு ஒரு வழி சொல்லுங்கக்கா."

"இதுக்கா மக்கா அழுக?" என்றாள் ஷீஜா. "போகச் சொல்லு. இங்கதான் கிடப்பாரு."