வாளி மாப்பிள்ளை பிடித்த பாறை மீன்

மரியாதைக்குரிய பெரிய மச்சானுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. நாங்கள் இருவரும் கடற்கரை விடுதியில் சுகம். உங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா என்று தங்கை கேட்கச் சொன்னாள்.

நாங்கள் கிளம்பும்போது, "கிணத்துல விழுந்த வாளியையே எடுக்கத் தெரியாத மனுஷன், கடல்ல மீன் பிடிக்கப் போறாராம்" என்றீர்கள். அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட என்னை வாளி மாப்பிள்ளை என்கிறார்கள். இந்தக் கடிதத்தோடு அந்தப் பெயர் ஒழிய வேண்டும். அந்த வாளி விழுந்ததும் என் குற்றமில்லை, கயிறு இற்றுப்போயிருந்தது, கயிறு வாங்கினது நீங்கதான், அது கிடக்கட்டும்.

இங்கே ஊர் சுற்ற வருகிறவர்களைப் படகில் ஏற்றி, கையில் தூண்டிலைக் கொடுத்து மீன் பிடிக்க வைக்கிறார்கள். துணைக்கு உங்க தங்கச்சியும் ஏறினா. கரை மறைஞ்சதும் அலை தூக்கிப் போட ஆரம்பிச்சுது. நான் படகு விளிம்புல குனிஞ்சு கடலை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தேன், அப்பப்ப காலையில சாப்பிட்டதையும் ஆராய்ஞ்சேன். அந்த நேரம் பாத்துத் தூண்டில் வில்லா வளையுது. படகுக்காரர், "விடாதீங்க, சுத்துங்க, சுத்துங்க"ங்கறாரு. இழுத்தா வருது, அசந்தா ஓடுது. கடைசியில ஏறுச்சு பாருங்க ஒரு பாறை மீன், உங்க கடைசிப் பேரன் கனம் இருக்கும், அவனை மாதிரியே துள்ளல்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆச்சு"ன்னேன்.

"இங்க சமைக்கப் பிடிக்கிறதில்லைங்க. படம் எடுத்துட்டுத் தண்ணியில விட்டுடணும்"ன்னாரு.

"விடுறதுக்கு எதுக்கய்யா பிடிக்கணும்?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எங்க மச்சான் வாயை அடைக்க."

"அதுக்குப் படம் போதுங்க."

படத்துல மீன் பெருசாத் தெரியணும்னா கையை முன்னால நீட்டிப் பிடிக்கணுமாம். நீட்டினதுல மீனே படத்தை நிறைச்சு, முகம் மறைஞ்சுபோச்சு, மத்தபடி அருமையான படம். இதோட வெச்சிருக்கேன். கூடத்துல எல்லாரும் பாக்குற இடத்துல மாட்டுங்க.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், கடைசிப் பேரனுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
இனிமேல் வாளி அல்லாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் படத்தை நல்லாப் பாத்தேன். மீனைப் பிடிச்ச ரெண்டு கையிலயும் வளையல். கல்யாணத்துக்கு நீங்க போட்டது, உங்களுக்குத் தெரியாமப் போகாது. சரி, குனிஞ்சவன் கரை வர்ற வரைக்கும் நிமிரவே இல்லை மச்சான். சுத்துனதும் தூக்குனதும் அவதான். "அண்ணன்கிட்ட நீங்க பிடிச்சதாவே சொல்லிக்கோங்க"ன்னு மீனை முகத்துக்கு நேரா உயர்த்தினதும் அவதான். வளையலை மட்டும் மறந்துட்டா. படத்தை அனுப்பாம இருந்திருக்கலாம், மனசு வரலை, அவ்வளவு பெரிய மீன். என்னை வாளின்னே கூப்பிடுங்க, பரவாயில்லை. படத்தை மட்டும் கழட்டிடாதீங்க.