ரோட்டார், எண்ணிக்கை ஒன்று

வியாழக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு அந்தக் கார் ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது.

பதினோரு வருஷமாக ஸ்டோர் கீப்பர் அதற்காகத்தான் பாடுபட்டார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் படுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது நாற்பத்தொன்று. சிலிண்டர் ஆறு, கார்புரேட்டர் மூன்று. மூன்றும் ஒரே அளவாகக் காற்றை இழுக்க வேண்டும். ஒன்று சோம்பினால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். அன்றைக்கு அவர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வொன்றின் மூச்சையும் கேட்டார். நடுவிலிருந்ததன் திருகை அரைக்கால் சுற்று திருப்பிவிட்டுச் சாவியைப் போட்டார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பூனை போனது போனதுதான், மறுநாள் மத்தியானம்தான் திரும்பியது.

ஸ்டோர் கீப்பரின் முகம் மலர்ந்தது. மூன்று விநாடி. நாலாவது விநாடியில் மச்சான் ஞாபகம் வந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மரக்கடை முதலாளி. முதல் நாளிலிருந்தே அவருக்கு இந்தக் கார் மேல் ஒரு கண். "மாப்பிள்ளை, எனக்குக் கொடுத்துடுங்க" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஸ்டோர் கீப்பரோ கூச்ச சுபாவி. "முடியாது" என்ற சொல்லை அவர் வாழ்நாளில் நாலு தடவைதான் சொல்லியிருக்கிறார். நாலும் பல் டாக்டரிடம். அதனால் மச்சானுக்கு ஒரே பதில் வைத்திருந்தார்: "ஓட ஆரம்பிச்சதும் உங்களுக்குத்தான் மச்சான்." பதினோரு வருஷம் இந்தப் பதில் நன்றாக உழைத்தது. போன வாரம் மச்சான், "வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

"என்னங்க, கொட்டகை விழுந்துடுச்சா?"

"வண்டி ஓடுது."

"பரவாயில்லையே. அப்ப அண்ணனுக்குக் கொடுக்கணும்."

"அது சும்மா மரியாதைக்குச் சொன்னது."

"பதினோரு வருஷமா மரியாதையா? அவர் நெசம்னு நம்பிட்டு இருக்காரு."

"நீ போன் பண்ணி எப்படியாவது சொல்லிடேன்."

"வாக்குக் கொடுத்தது நீங்க, வாபஸ் வாங்கறது நானா? நல்லா இருக்கே."

அவள் போய்விட்டாள். ஸ்டோர் கீப்பர் என்ஜினை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே முக்காலியில் உட்கார்ந்தார். கார் போனால் இந்தக் கொட்டகையில் அவருக்கு என்ன வேலை? சாயங்காலம் ஐந்தரை ஆனால் எங்கே போவார்?

ஆகவே, ஓடுகிற காரை ஓடாமல் செய்வது என்று தீர்மானித்தார்.

செய்வது சுலபம், மனசுதான் வரவில்லை. சர்க்கரையைப் பெட்ரோலில் போடுவது பாவம். வயரை வெட்டுவது கொலை. கடைசியில், வலிக்காத வைத்தியம் ஒன்று அகப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளே ரோட்டார் என்று கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான் சுற்றும். ஆறு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட் அனுப்புவது அதுதான். அதை எடுத்துவிட்டால் கார் கத்தலாம், கனைக்கலாம், ஓடாது.

சனிக்கிழமை மத்தியானம் ரோட்டாரை எடுத்தார். காகிதக் கவரில் போட்டு ஒட்டினார். அதை டீத்தூள் டப்பாவுக்குள் புதைத்தார். அடுக்களையில் டப்பா இரண்டு. ஒன்று புழக்கத்தில் இருப்பது, மற்றது இருப்பு. இருப்பு டப்பா திறக்க இன்னும் ஒன்பது நாள் ஆகும் என்பது அவர் கணக்கு. வீட்டில் எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சானின் லாரி வந்தது. மச்சான் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி, அதாவது அண்ணியும் இறங்கினாள். அண்ணி வருவாள் என்று ஸ்டோர் கீப்பர் எதிர்பார்க்கவில்லை. மச்சானின் தோளில் கனமான கயிறு ஒன்று தொங்கியதையும் எதிர்பார்க்கவில்லை.

"கயிறு எதுக்கு மச்சான்?"

"ஓடலைன்னா கட்டி இழுத்துட்டுப் போகத்தான். நம்மகிட்ட நல்ல மெக்கானிக் இருக்கான், ஒரே வாரத்துல எழுப்பிடுவான். நீங்களும் எத்தனை காலம்தான் இதோட கஷ்டப்படுவீங்க, பாவம்."

ஸ்டோர் கீப்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓடினாலும் போகும். ஓடாவிட்டாலும் போகும். இரண்டில், ஊனமாகப் போவதைவிட உயிரோடு போகட்டும் என்று தோன்றியது. டீ டம்ளரும் கையுமாக அடுக்களைக்குள் ஓடி இருப்பு டப்பாவைத் திறந்தார். டீத்தூள் குறைந்திருந்தது. கவரைக் காணோம்.

"என்ன தேடறீங்க?" மனைவி பின்னால் நின்றாள்.

"டீ."

"கையில இருக்கே."

அதற்குள் கொட்டகையில் மச்சான் சாவியைத் திருப்பிவிட்டார். தகரம் அதிர்ந்தது. ரோட்டார் இல்லாத என்ஜின் ஆறு சிலிண்டரிலும் அழகாக ஓடியது. ஸ்டோர் கீப்பர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, நீங்களும் ஏறி ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்று ஜன்னல் வழியாக மனைவி குரல் கொடுத்தாள்.

சரியாக இருபத்திரண்டு நிமிஷத்தில் கார் திரும்பி வந்தது. மச்சான் ஒரு கையையும் ஸ்டோர் கீப்பர் ஒரு கையையும் பிடித்து இழுத்துத்தான் அண்ணியை வெளியே எடுக்க முடிந்தது.

"இது காரா, உரலா?" என்றாள் அண்ணி. "முழங்கால் வந்து தாடையில இடிக்குது. ரோட்டுல கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகை விசாரிச்சுட்டுத்தான் போகுது. நாய்கூட என்னைக் குனிஞ்சு பார்க்குதுங்க."

"பழகிடும்" என்றார் மச்சான்.

"பழகிக்கோங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் பஸ்ல போயிடறேன்."

மச்சான் காரைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "மூணாவது கியருக்கு மேல போடவே விடலை மாப்பிள்ளை" என்றார் ரகசியமாக. பிறகு சத்தமாக, "வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களுக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டி லாரியில் போட்டார்.

லாரி தெருமுனை திரும்பியது. ஸ்டோர் கீப்பருக்கு அப்பாடா என்றிருந்தது. பதினோரு வருஷம் முதுகில் சுமந்த ஒரு மரக்கட்டையை மச்சானே இறக்கிக்கொண்டு போனது போல இருந்தது. கார் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடாக, நன்றாக இருந்தது.

மனைவி ஒரு காகிதக் கவரை நீட்டினாள். அவர் கையெழுத்துதான். இருபத்தாறு வருஷமாக மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிற கை, எதை எடுத்து வைத்தாலும் சீட்டு எழுதாமல் வைக்காது. ஒளித்து வைக்கிற சாமானுக்கும் எழுதியிருந்தது:

"ரோட்டார். எண்ணிக்கை 1. இடம்: டிஸ்ட்ரிபியூட்டர். கறுப்பு மூடியின் இரண்டு கிளிப்பையும் தளர்த்தித் தூக்கவும். வெட்டுப் பக்கம் இரண்டும் சேரும்படி வைத்து அழுத்தவும். பலம் வேண்டாம். எடுத்த காரணம்: மச்சான். திரும்ப மாட்டுவது: ஞாயிறு, மச்சான் போன பின்."

"விருந்தாளிக்குப் புது டீத்தூள் போடலாம்னு நேத்து சாயங்காலம் டப்பாவைத் திறந்தேன்" என்றாள். "படிச்சுப் படிச்சு மாட்டினேன். குழந்தைகூட மாட்டலாம், அவ்வளவு தெளிவு."

"வெட்டுப் பக்கம் ஒழுங்காச் சேர்ந்துதா?" என்று கேட்டார். அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"சேர்ந்துச்சு. கடைசி வரி ஒண்ணுதான் தப்பு. கயிறு கொண்டுட்டு வர்றேன்னு அண்ணன் நேத்தே போன்ல சொல்லிட்டாரு. ஓடாத வண்டின்னா எல்லாருக்கும் ஆசை விடாது. ஓடுச்சுன்னாதானே அண்ணி ஏறி உட்காருவாங்க? அதான் அவங்களையும் வரச் சொன்னேன்."

"நீ எனக்காகவா இவ்வளவு..." என்று ஆரம்பித்தார் ஸ்டோர் கீப்பர்.

"சாவியைக் கொடுங்க" என்றாள் அவள். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து ஒரு டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினாள். படத்தில் அவள்தான்.

"இது எப்போ?"

"நாப்பது நாள் டிரைவிங் ஸ்கூல். நீங்க அஞ்சரைக்குக் கொட்டகைக்குள்ள நுழைவீங்க, நான் அஞ்சே முக்காலுக்குக் கிளம்புவேன்."

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். ஸ்டோர் கீப்பர் சுற்றி வந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். எஜமானன் என்ற முறையில் ஏதாவது எச்சரிக்கை சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"பார்த்து. நாலாவது கியரை இன்னும் யாருமே போட்டுப் பார்க்கலை."

"போட்டாச்சு" என்றாள். "வெள்ளிக்கிழமை நீங்க வேலைக்குப் போனதும் ரெண்டு சுத்து போயிட்டு வந்தேன்."