வாய்ப்பன் அல்ல, போஃப்ரோட்!

“படிச்ச பெட்டையளின்ரை கைக்கு மா பொங்காது, பிள்ளை. நீ போய்ப் புத்தகத்தைப் பார்.”

சிட்னிக்கு வந்து, தங்கப்போகும் வீட்டின் குசினிக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது எனக்குக் கிடைத்த வரவேற்புரை இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். புலமைப்பரிசில் வென்று, உயிர் இரசாயனம் படிக்கக் கடல் கடந்து வந்தவள். ஈஸ்ட் ஓர் உயிர், அது சீனியைத் தின்று காற்றை விடும், அந்தக் காற்றுத்தான் மாவை ஊத வைக்கிறது என்று பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவள். அந்தப் புள்ளியெல்லாம் அந்தக் குசினியில் செல்லாக்காசு.

உலகத்திலேயே கானா நாட்டை, அந்த நாட்டுக்காரர்களையும் விட அதிகமாக நேசித்த ஒரு மனிதர் சிட்னியின் டூங்கபியில் இருந்தார். அந்தக் குசினியும் வரவேற்புரையும் அவருடையவை. பிறந்தது யாழ்ப்பாணம். மனைவியோடு கானாவுக்குப் போய், ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் கணிதம் படிப்பித்தவர். எங்களுக்கெல்லாம் அவர் கானா மாஸ்டர். வெள்ளைக்காரர் அல்லாதவர்களுக்கும் அவுஸ்திரேலியா கதவைத் திறந்ததும் இருவருமாக வந்து இறங்கினார்கள். இந்த நாடு அவருடைய பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆழ்ந்து யோசித்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவதற்கு இவரை விட்டால் ஆளில்லை என்று முடிவு செய்தது. கிழமை நாட்களில் பெட்டி அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கானாவின் தூதுவராகப் பதவியேற்பார்.

தூதுவருக்கு ஒரே ஒரு கடமை. போஃப்ரோட் பொரிப்பது.

போஃப்ரோட் என்பது கானாவில் தெருவெங்கும் விற்கும் ஒரு பலகாரம். கோதுமை மா, ஈஸ்ட், சீனி, கொஞ்சம் சாதிக்காய். பொங்கவைத்து, உருண்டை உருண்டையாய் எண்ணெயில் விட்டு எடுப்பது. மாஸ்டரின் போஃப்ரோட்டில் நன்றாகக் கனிந்த வாழைப்பழமும் உண்டு. வாழைப்பழம், கோதுமை மா, உருண்டை, எண்ணெய். எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சொல் வாயில் வந்து நிற்கும். அந்தச் சொல்லை விழுங்கிவிடுவது உத்தமம். விழுங்கத் தெரியாத ஒரு பொறியியலாளர், “ஆகா, வாய்ப்பன் அந்த மாதிரி!” என்று பாராட்டிவிட்டார். மாஸ்டர் அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தார். தேநீரையும் எடுத்தார். அவருடைய தொப்பியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

“வாய்ப்பனாம்! ஈஸ்ட் போடாமல் கல்லு மாதிரிப் பொரிச்சு வைக்கிறதும் இதுவும் ஒண்டோ? கண்ணைக் கட்டிப்போட்டுத் தந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியும்.”

கதிரையில் இருந்த அன்ரி, அதாவது மாஸ்டரின் மனைவி, வாழைப்பழம் உரித்தபடியே சொல்வார்: “ஓம், தெரியும் தெரியும்.”

போஃப்ரோட் விஷயத்தில் அன்ரிக்குக் கொடுக்கப்பட்டிருந்த உத்தியோகம் பழம் உரிப்பது மட்டும்தான். மாவில் கைவைக்க அனுமதி இல்லை. “உன்ரை கை யாழ்ப்பாணக் கை. வாய்ப்பன்தான் வரும்” என்பது மாஸ்டரின் தீர்ப்பு. பள்ளிக்கூட வாசலில் பலகாரம் விற்ற ஒரு மனுசியின் கைதான் கை. அவர் பொரித்ததை நாலு வருடம் தின்று, அந்த ருசியை நாக்கிலேயே பத்திரப்படுத்தி, சிட்னிக்கு வந்தபின் நாக்கிடமே விசாரித்து விசாரித்து மாஸ்டர் இந்தச் செய்முறையைக் கண்டுபிடித்தாராம். வாழைப்பழம்தான் என்று பிடிபடுவதற்குமுன் அப்பிள், தகரப் பீச்சஸ், அன்னாசி எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். அன்னாசி போட்ட அன்று வீட்டுக் கூரைவரை தெறித்த எண்ணெயின் கறையை எனக்கு ஒரு சரித்திரச் சின்னம்போலக் காட்டினார்.

பழக்கடைக்குப் போனால் தங்க நிறத்தில் தொங்கும் சீப்புகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். “கறுத்தது இருக்கோ?” என்பார். இத்தாலியக் கடைக்காரர் இரக்கத்தோடு, “கோழிக்கா?” என்று கேட்டார்.

“ஓம். இரண்டு கோழி. ஒண்டு யூனிவர்சிற்றியில் படிக்குது” என்று என்னைக் காட்டினார் மாஸ்டர்.

சிட்னிக் குளிரில் மா பொங்காது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஹீற்றர். அது மாவுக்கு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கம்பளியைச் சுற்றிக்கொண்டு நடுங்கலாம், மாவுக்குச் சளி பிடிக்கக் கூடாது. ஹீற்றர் பழுதான ஒரு ஞாயிறு, என் கட்டிலில் இருந்த மின்சாரக் கம்பளி மாஸ்டரின் நினைவுக்கு வந்தது. தேவாலயத்துக்குப் போய்விட்டு என்னைப் பார்க்க வந்த சிநேகிதி ஒருத்தி என் அறைக் கதவைத் திறந்தாள். கட்டிலில் கழுத்துவரை போர்த்தியபடி ஒரு பெரிய பாத்திரம். பக்கத்தில் கதிரை போட்டு மாஸ்டர்.

“சத்தம் போடாதை, பிள்ளை” என்றார் அவளிடம். “இப்பதான் எழும்பத் தொடங்குது.”

ஒருமுறை எனக்கும் வாய்ப்புத் தந்தார். மாவைக் கையில் அள்ளி, முஷ்டியை இறுக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவால் பிதுங்குகிற உருண்டையை எண்ணெயில் நழுவவிட வேண்டும். நான் கரண்டியை எடுத்தேன். கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அத்தோடு என் சேவைக்காலம் முடிந்தது.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு கானாக்காரர் அறிமுகமானார். குமாசி நகரத்துப் பையன், விவசாயம் படிக்க வந்தவர். நான் வீட்டில் சொன்னதும் மாஸ்டரின் முகம் வெளுத்தது. இவ்வளவு காலம் சிட்னியில் அவருக்குப் பரீட்சை வைக்க ஒருவரும் இருக்கவில்லை. இப்போது பரீட்சகரே வந்துவிட்டார்.

“கூட்டிக்கொண்டு வா” என்றார். பிறகு, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னார்: “இந்த நாட்டுக்காரன் என்ரை பட்டத்தை ஒப்புக்கொள்ளேல்லை. அந்தத் தம்பி என்ரை போஃப்ரோட்டை ஒப்புக்கொண்டாலே போதும், பிள்ளை.”

உண்மையைச் சொன்னால், மாஸ்டர் ஒருதரம் தோற்பதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த ஆசையின் காற்று இறங்கிவிட்டது.

குமாசித் தம்பி வந்த ஞாயிறு மாஸ்டர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். எண்ணெய்க்கு முன்னால் கழுத்துப்பட்டி. தட்டு மேசைக்கு வந்தது. தம்பி ஒன்றை எடுத்துப் பிய்த்து, மணந்து, வாயில் போட்டு மென்றார். மாஸ்டரும் கூடவே வெறும் வாயை மென்றார்.

“மிகவும் நன்றாக இருக்கிறது, ஐயா” என்றார் தம்பி ஆங்கிலத்தில். மாஸ்டர் மூச்சு விட்டார். “ஆனால் உள்ளே வாழைப்பழம் இருக்கிறதே. எங்கள் பக்கம் போடுவதில்லை.”

“போடுவார்கள்” என்றார் மாஸ்டர். “எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்த அம்மா போட்டார். நாலு வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.”

“எந்தப் பள்ளிக்கூடம், ஐயா?”

மாஸ்டர் பெயரைச் சொன்னார். தம்பியின் முகம் மலர்ந்தது. பாவம், மலராமல் இருந்திருக்கலாம். “நான் அங்கேதான் படித்தேன்! எனக்கு அந்த அம்மாவை நன்றாகத் தெரியும். வாழைப்பழமே போடமாட்டார்.”

மாஸ்டரின் கையிலிருந்து மா சொட்டியது. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிக் காப்பாற்றப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் படிப்பிப்பதில்லை.

“அந்த மனுசி போடேல்லை” என்று கதிரையிலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. “நான்தான் போட்டனான்.”

மாஸ்டர் திரும்பினார். “நீயோ?”

“நான்தான். வாசலிலை வாங்கிப் பள்ளிக்கூட இன்ரேவலுக்கு அனுப்பு எண்டு சொல்லிப்போட்டுப் போவியள். ரோட்டுக்கரை எண்ணெய், எத்தினைதரம் கொதிச்சதோ ஆருக்குத் தெரியும். உங்களுக்கு நெஞ்செரிவு வேறை. அந்த மனுசியிட்டைக் கேட்டு ஈஸ்ட் போடப் பழகினன். பழம் போட்டால்தானே எனக்கும் ஒரு பலகாரம் செய்த மாதிரி இருக்கும்? கடதாசியிலை சுத்தி வாச்மேனிட்டைக் குடுத்துவிட்டனான்.”

“நாலு வருசமும்?”

“நாலு வருசமும்.”

“சாதிக்காய்?”

“அது அந்த மனுசி சொல்லித் தந்தது. அளவு என்ரை.”

“எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?”

அன்ரி கையிலிருந்த பழத்தோலை மடித்து வைத்தார். “‘அந்த மனுசியின்ரை கையல்லோ கை’ எண்டு ஒவ்வொரு நாளும் வந்து சொன்னியள். எனக்குக் கேக்க நல்லாயிருந்தது.”

குமாசித் தம்பி என் பக்கம் சாய்ந்து, “சண்டையா? நான் போகட்டுமா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சாய்ந்து, சுவர்தான் அவரைக் காப்பாற்றியது. “அம்மா, இது எங்கள் வீட்டுப் போஃப்ரோட்டை விட ருசி என்று என் தாயாருக்கு எழுதமாட்டேன். மிச்சத்தை நான் கொண்டுபோகலாமா?” என்றார்.

மாஸ்டர் குழாயில் கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினார். பிறகு அன்ரியின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். “எண்ணெய் காயுது, போய்ப் பார்” என்று உரிக்கத் தொடங்கினார். அன்ரி எழுந்து போனார். முஷ்டியை இறுக்கி முதல் உருண்டையை விட்டார். நிலா மாதிரி விழுந்தது. மாஸ்டரின் உருண்டைகளுக்கு எப்போதும் ஒரு வால் இருக்கும்.

மனிதர் திருந்திவிட்டார் என்று யாரும் அவசரப்பட்டு மகிழவேண்டாம். அடுத்த வாரமே தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டுபோய், “என் மனைவி கானாவுக்கே படிப்பித்த பலகாரம்” என்று பிரசங்கம் செய்தாராம். வீட்டுக்கு வருபவர்கள் இன்னமும் வாய்ப்பன் என்று சொல்லக் கூடாது. வித்தியாசம் ஒன்றுதான். இப்போது தட்டை எடுப்பது அன்ரி.

போன வருடம் மெல்போர்னில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி, மாஸ்டரின் பட்டம் பட்டம்தான் என்று ஒருவாறு கண்டுபிடித்தது. கணிதம் படிப்பிக்கப் போய்விட்டார். டூங்கபி வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பனிக்காலத்தில் ஹீற்றரை மனிதர்களுக்குப் போடுகிறார்களாம். 

அடுத்த மாதம் எனக்குப் பட்டமளிப்பு விழா. ஆளுக்கு இரண்டு அழைப்பு அட்டைகள் கொடுத்தார்கள். பெற்றவர்களுக்காக. அம்மாவும் அப்பாவும் அவ்வளவு தூரம் வர வழியில்லை. இரண்டையும் நேற்றுக் காலை மெல்போர்னுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். உறையில் அன்ரியின் பெயரை முதலில் எழுதினேன்.