முந்நூறு கம்பங்களில் கஜந்தி

“கஜந்தி செத்துப்போனாளாம், உண்மையோ?”

கொலோனிலிருந்து சியாமளா மாமி இப்படிக் கேட்டபோது தொலைபேசியை எடுத்தது கஜந்திதான்.

“இல்லை மாமி. நான்தான் கதைக்கிறன்.”

“ஐயோ, குரல் அப்பிடியே அவளின்ரை மாதிரி இருக்கு!” மாமி அழத் தொடங்கினார்.

அந்த ஜெர்மன் நகரத்தின் மேயர் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். கஜந்தி சுயேச்சை வேட்பாளர். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவர்கள் வசிக்கும் உருக்காலைக் குடியிருப்புக்குப் பேருந்து விடுவதாக இப்போதைய மேயர் மூன்று தேர்தல்களில் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று முறையும் வென்றார். மூன்று முறையும் மறந்தார். கஜந்தியின் அம்மா இராஜேஸ்வரி ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்க, பனியிலும் நாற்பது நிமிடம் நடந்துதான் போகிறார். அந்தப் பேருந்துக்காகவே கஜந்தி போட்டியிட்டாள்.

வெளியே ஓடிப்போய் விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். முதல்நாள் இரவு முந்நூறு கம்பங்களில் கட்டுவித்த அவளுடைய சுவரொட்டி. கறுப்புக் கரை. இருபக்கமும் குத்துவிளக்கு. நடுவில் கறுப்பு வெள்ளையில் அவள் முகம். கீழே 1997 – 2025. அதற்கும் கீழே ஜெர்மன் மொழியில், ‘பேருந்து வரும். இது என் வாக்கு.’

அச்சடித்த குருமூர்த்தியை அழைத்தாள்.

“என்ன அண்ணை இது?”

“என்னட்டை இருக்கிறது ஒரேயொரு அச்சு மாதிரிதான் பிள்ளை. இருபது வருசமா எங்கடை சனத்தின்ரை மரண அறிவித்தல் எல்லாம் இதிலைதான் அடிக்கிறன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை.”

“செத்தவை எப்பிடி அண்ணை குறை சொல்லுவினம்? அந்த வருசங்கள் ஏன்?”

“ரெண்டு கட்டம் காலியாக் கிடந்துது. பிறந்த வருசமும் தேர்தல் வருசமும் போட்டன்.”

திருப்பி அடிக்க நேரமில்லை. “நான் பாக்கிறன்” என்றார் அப்பா இரத்தினம். அப்போதே கஜந்தி தடுத்திருக்க வேண்டும்.

மறுநாள், கோயில் திருவிழாவில் மிஞ்சிய பிளாஸ்டிக் செவ்வந்தி மாலை ஒவ்வொரு படத்திலும் தொங்கியது.

“இப்ப மங்களமா இருக்கெல்லோ?”

“அப்பா! மாலையை ஆளுக்குப் போட்டால் தலைவர். படத்துக்குப் போட்டால் பிணம்!”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே.”

மத்தியானத்துக்குள் கம்பங்களின் அடியில் சிவப்புக் கல்லறை மெழுகுதிரிகள் எரியத் தொடங்கின. ஜெர்மன்காரர் இரக்கத்துக்குக் குறை வைப்பதில்லை. கஜந்தி ஏணி வைத்து முதல் மாலையைக் கழற்றினாள். நாயோடு வந்த ஒருவர் கத்தினார்:

“செத்த பிள்ளையின் மாலையைத் திருடுகிறாயே, வெட்கமில்லையா?”

“அந்தப் பிள்ளை நான்தான்!”

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குரல் தணிந்தது.

“இரட்டைப் பிள்ளைகளா? ஐயோ.”

ஏணியிலிருந்து இறக்கி, கையைப் பிடித்து அனுதாபமும் சொன்னார். மாலை திரும்பக் கம்பத்துக்கே போனது. கஜந்தி ஏணியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தன் பன்னிரண்டு பக்கத் தேர்தல் திட்டத்தை மேசையில் எறிந்தாள்.

“முடிஞ்சுது. அம்மா நடக்க வேண்டியதுதான்.”

தேர்தலன்று மாலை நகரசபை மண்டபத்தில் முடிவை வாசித்தார்கள். கஜந்திக்கு ஐம்பத்து நான்கு வீத வாக்கு.

இராஜேஸ்வரி நாற்காலியில் அப்படியே இருந்துவிட்டார். அப்பா அழுதார். “ஆர் அடிச்ச போஸ்டர்?” என்று குருமூர்த்தி நெஞ்சை நிமிர்த்தினார்.

“போஸ்டர் இல்லை அண்ணை, சனம் என்ரை திட்டத்தை வாசிச்சிருக்கு!” என்றாள் கஜந்தி. “பன்னிரண்டு பக்கமும்!”

அப்போது பக்கத்துத் தெருக் கிழவி கோவல்ஸ்கி, வெள்ளைப் பூங்கொத்தோடு குடும்பத்தைத் தேடி வந்தார். கஜந்தியைக் கண்டதும் பூங்கொத்து கைதவறி விழுந்தது.

“நீ உயிரோடா இருக்கிறாய்? செத்தவளாவது கொடுத்த வாக்கை மீறமாட்டாள் என்றுதானே எங்கள் தெரு முழுக்க உனக்குப் போட்டோம்!”